உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சைக்கும் உண்டு அப்பா, அம்மா!

நம் வீட்டு எலுமிச்சை, கலப்பில் பிறந்த பிள்ளை. தாய் பிலிப்பைன்ஸின் ‘சிட்ரஸ் மைக்ராந்தா’. தந்தை தடித்த தோல் கொண்ட ‘சிட்ரான்’. இலையிலிருந்து டிஎன்ஏ-வைப் பிரித்து ஒப்பிட்டபோது இந்த உறவு உறுதியானது. பசுங்கணிகத்தில் உள்ள டிஎன்ஏ தாய்வழியில் வருவதால், தாய் யார் என்பதும் தெளிவாகிவிடுகிறது.

அதைவிட வியப்பு ஆரஞ்சில்தான். வாலென்சியா, நேவல், சிவந்த சதையுள்ள பிளட் ஆரஞ்சு மூன்றும் பார்க்கவும் சுவைக்கவும் வேறு வேறு. டிஎன்ஏ ரேகையிலோ கிட்டத்தட்ட ஒன்றே! ஒரே மூதாதை மரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்கியபோது, அங்கங்கே ஏற்பட்ட திடீர் மாற்றங்களே புது ரகங்களாயின. பெயர்கள் பல, மரபணுப் பன்மையோ கவலைப்படும் அளவுக்குக் குறைவு. பிளட் ஆரஞ்சின் சிவப்புக்குக் காரணம், ‘ரூபி’ மரபணுவின் அருகே தானாகப் புகுந்த ஒரு டிஎன்ஏ துண்டு. குளிர் பட்டால்தான் அந்த நிறம் நன்றாக ஏறும்.