ஓடும் மிதிவண்டி ஏன் விழுவதில்லை?

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அப்பா எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

“சார், நிக்கிற சைக்கிள் ஸ்டாண்டு போடலைன்னா விழுந்துடுது. ஓடுறது மட்டும் ஏன் விழ மாட்டேங்குது?”

“சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றுகிறது, அதனால்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்த விடை போதாது என்பது கோடை விடுமுறையில் படித்தபோதுதான் தெரிந்தது.

நூறாண்டு கடந்த கேள்வி

இன்று நாம் ஓட்டும் வடிவிலான மிதிவண்டி 1885 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் சமநிலைக்கான சமன்பாடுகளை 1899 இல் விப்பிள் எழுதினார். 1970 இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலர், முன்சக்கரத்தின் அருகே இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி எதிர்த்திசையில் சுழலவிட்டார். பம்பர விளைவு நீங்கிய பிறகும் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது!

முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹேண்டில்பார் திரும்பும் அச்சுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே காரணம் என்பது மற்றொரு விளக்கம். 2011 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்த இரண்டு விளைவுகளும் இல்லாத சிறிய இருசக்கர வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது.

வண்டி சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்புகிறது. அதனால் சக்கரங்கள் சாயும் பக்கம் நகர்ந்து வண்டியைத் தாங்கிக்கொள்கின்றன. அப்படித் திரும்புவதற்குச் சுழற்சி, முன்சக்கர அமைப்பு, எடை அமைந்திருக்கும் இடம் எனப் பல காரணங்கள் சேர்கின்றன. எல்லா வண்டிக்கும் பொருந்தும் எளிய ஒற்றைக் காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

மைதானத்தில் செய்து பார்க்க

பள்ளி திறந்ததும், விலையில்லா மிதிவண்டி ஒன்றை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். சீட்டை மட்டும் பிடித்துச் சாய்த்தால் ஹேண்டில்பார் அதே பக்கம் திரும்புவதை மாணவர்கள் கண்டார்கள். பிறகு ஆளில்லாமல் மெதுவாகவும் வேகமாகவும் தள்ளிவிட்டு, விழும்வரை ஆகும் நேரத்தைக் குறித்தார்கள். மண் தரையில், எதிரே யாரும் நிற்காதபடி இதைச் செய்ய வேண்டும்.

அவன் வகுப்பில் இல்லை

கேள்வி கேட்ட மாணவன் அப்போது ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்ந்திருந்தான். சரியான விளக்கத்தைச் சொல்லக் கடைக்குப் போனேன். ரிம் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த அவன் அப்பா, “படிப்பு அவ்வளவுதான் சார், இனிமே பட்டறைதான்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரித்த பிறகே வழி திறந்திருப்பது தெரிந்தது.

*ஐ.டி.ஐ.:* பிட்டர், டர்னர் பிரிவுகள் இரண்டு ஆண்டு. சக்கரத்தின் அச்சை லேத்தில் கடைந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளக்கப் பழகுகிறார்கள். முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

*பட்டயப் படிப்பு:* பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு. வரைபடம், தரச் சோதனை, உற்பத்தி மேற்பார்வை ஆகியவை இவர்களின் பணிகள். முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

*பி.இ.:* பிரேம் குழாய் எத்தனை தடிமன் இருக்க வேண்டும், எத்தனை முறை பாரம் ஏறி இறங்கினால் விரிசல் விடும் என்று கணக்கிடும் படிப்பு. மேல்நிலை முடித்து வருவோரில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

*ஆய்வு:* கேட் தேர்வெழுதி உதவித்தொகையுடன் முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம். மிதிவண்டிக் கேள்வி போன்றவை இங்கேதான் ஆராயப்படுகின்றன.

அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.யிலோ பட்டயப் படிப்பிலோ சேர்பவர்களும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் பெறலாம்.

இவற்றை ஒரு தாளில் எழ்தி அவன் அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். சேர்ந்த அன்று தொலைபேசியில் பேசினான்: “சார், பின்னாடி கேரியர்ல மூட்டை ஏத்துனா ஹேண்டில் ஏன் ஆடுது?”

“எனக்குத் தெரியாதுப்பா. எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு நீயே யோசிச்சுச் சொல்லு” என்றேன்.

ஆசிரியர் நண்பர்களே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இந்த நான்கு படிகளையும் உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.