டிரெய்லர் ஓட்டும் திறன்

1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்ட கிள்ளான் துறைமுகம், இன்று தென்கிழக்காசியாவின் பெரிய கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அங்கு இறங்கும் சரக்குகளுள் ஒரு பகுதி டிரெய்லர் லோரிகளின் மூலம் கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் சென்றடைகிறது. 40 அடிக் கொள்கலன் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12.2 மீட்டர். சரக்கோடு சேர்த்து அதன் எடை 30 டன் வரை இருக்கலாம். இவ்வளவு பெரிய பாரத்தை இழுத்துச் செல்லும் ஓட்டுநர், பெரும்பாலும் தனியாகவே பயணம் செய்கிறார். அவர் செய்யும் சிறு பிழையும் சாலையில் செல்லும் பிறரின் உயிரைப் பறித்துவிடக்கூடும். எனவே, இத்தொழிலில் தன்னம்பிக்கை என்பது துணிச்சல் அன்று. முறையான பயிற்சியால் விளையும் தெளிவே ஆகும்.

நம் நாட்டில் இத்தகைய கனவுந்தை ஓட்ட விரும்புபவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மகிழுந்து ஓட்டுநர் உரிமத்தைப் பெற்ற பிறகு, ‘இ’ பிரிவு உரிமத்தையும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமத்தையும் அவர் பெற வேண்டும். ஆயினும், உரிமம் கைக்கு வந்ததும் பயிற்சி முடிந்துவிடுவதில்லை.

முதலில் கற்க வேண்டியது இணைப்பு முறை. இழுக்கும் வண்டியின் பின்புறத்தில் ‘ஐந்தாம் சக்கரம்’ எனப்படும் வட்டத் தட்டு உள்ளது. குதிரை வண்டிகளில் கிடையாகப் பொருத்தப்பட்டிருந்த வளையத்திலிருந்து இப்பெயர் வந்தது. டிரெய்லரின் அடியிலுள்ள தடித்த இரும்பு முளை இத்தட்டில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பின், டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்தவாறு வண்டியை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு, காற்றுக்குழாய்கள், விளக்குகள், கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகள் ஆகியவற்றை வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது திருப்பம். வளைவில் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே செல்வதில்லை; வளைவின் உட்பக்கமாக ஒதுங்கிச் செல்கின்றன. இதனால்தான் இடப்பக்கம் திரும்பவிருக்கும் டிரெய்லர், சில வேளைகளில் முதலில் வலப்பக்கம் சற்று விலகுகிறது. அந்த இடைவெளியை வழியென்று கருதி உள்ளே நுழையும் மோட்டார் சைக்கிளோட்டி, வண்டிக்கும் சாலையோரத்துக்கும் நடுவே நசுங்கிவிடும் அபாயம் உண்டு. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்த பின்னரே திரும்ப வேண்டும். மற்றவரும் டிரெய்லரின் இடப்பக்கத்தை நெருங்காதிருக்க வேண்டும்.

புதியவரைப் பெரிதும் திணற வைப்பது பின்னோக்கிச் செலுத்துதல். டிரெய்லரின் பின்பகுதி வலப்பக்கம் போக வேண்டுமானால், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைக் கையால் பிடித்துக்கொண்டால், கை எப்பக்கம் நகர்கிறதோ அப்பக்கமே டிரெய்லரும் போகும். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அதனைப் பின்தொடர வேண்டும். இல்லையெனில், இரு வண்டிகளும் மடக்குக்கத்தி போல் மடிந்துகொள்ளும். கோணம் மிகுந்துவிட்டால் நிறுத்தி, முன்னே சென்று நேராக்கி, மீண்டும் முயல வேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் இறங்கிப் பின்னால் பார்த்து வருவது இழுக்கு அன்று. அனுபவம் மிக்கவரும் அவ்வாறே செய்கின்றனர்.

மகிழுந்தின் பின்னே சிறிய முகாம் வண்டியை இழுத்துச் செல்பவருக்கும் இவ்விதிகள் பொருந்தும். சொல்லப்போனால், நீளம் குறைந்த வண்டி மிக விரைவில் மடங்குவதால், அதனைப் பின்னோக்கிச் செலுத்துவதே கடினம். அதில் கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னே வைக்க வேண்டும். பின்னே வைத்தால், வேகம் கூடும்போது வண்டி இருபுறமும் ஆடத் தொடங்கும். அவ்வேளையில் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் இடையே போதிய இடைவெளி விடுவது இன்றியமையாதது.

வெற்றுத் திடலில் பயிற்சி, பின் நெரிசலற்ற சாலை, அதன்பின் நெடுஞ்சாலை எனப் படிப்படியாக முன்னேறுபவரிடம் தன்னம்பிக்கை தானே வேரூன்றும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி, பெரும்பாரத்தைத் தனியே இழுத்துச் செல்லும் ஓட்டுநருக்கு முற்றிலும் பொருந்தும்.