குளவி வேடமிட்ட அந்துப்பூச்சி

மழை விட்ட காலைகளில், மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் பள்ளியின் வேலிச்செடிகளில் ஒரு பூச்சி வந்து அமரும். கரிய உடல், வயிற்றில் மஞ்சள் வளையங்கள், கருஞ்சிறகில் கண்ணாடிச் சன்னல் போன்ற புள்ளிகள். "சார், குளவி!" என்று பிள்ளைகள் துடைப்பத்தைத் தேடி ஓடுவார்கள். அது குளவியன்று; பகலில் பறக்கும் அந்துப்பூச்சி, அமாட்டா என்னும் பேரினம். அதற்குக் கொடுக்கே கிடையாது. தமிழ்நாட்டில் காணப்படும் அமாட்டா பாசாலிஸ் இதில் ஓர் இனம்; 1781இல் ஃபாப்ரிசியஸ் பெயரிட்டது. இதன் புழு சந்தன மரத்தின் இலையையும் தின்னும்.

அந்துப்பூச்சி என்றால் மங்கிய நிறம், இரவில் விளக்கைச் சுற்றும் என்பதே வழக்கமான பாடம். இது அதற்கு அடங்காது. ஆனால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. உண்மைக் குளவியாக இருந்துவிட்டால் பிள்ளையின் கை வீங்கிவிடும். இரண்டடி தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.

முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு நூல் போன்ற இடை. அந்துப்பூச்சிக்கு மார்பும் வயிறும் தடிமனாக ஒட்டியே இருக்கும். அடுத்து, அமர்ந்திருக்கும் விதம். கூடுகட்டி வாழும் மஞ்சள் குளவிகள் சிறகை நீளவாக்கில் மடித்து முதுகோடு வைத்துக்கொள்ளும். நம் பூச்சி இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். பின்சிறகு மிகச் சிறியதாக இருக்கும். பறப்பதும் மந்தமாகத்தான். இவ்வளவே போதும், உணர்கொம்பை ஆராயும் அளவுக்கு நெருங்க வேண்டியதில்லை.

இந்த வேடத்தால் என்ன பயன்? அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் தங்கிய ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் இதை விளக்கினார். ஒருமுறை கொட்டுப்பட்ட பறவை, அதே நிறமுள்ள எதையும் பிறகு தொடத் தயங்கும். அமாட்டா இனங்கள் சிலவற்றின் உடலே பறவைகளுக்கு ஒவ்வாதது என்பதால், இது வெறும் ஏமாற்று என்று முடித்துவிடவும் முடியாது.

வகுப்பில் இதை விளையாட்டாக்கலாம். ஒரே கறுப்பு மஞ்சள் தாளில் 10 பொட்டலங்கள் கட்டுங்கள். எட்டில் வெந்தயம், இரண்டில் வேர்க்கடலை. ஒவ்வொருவராக எடுத்து மெல்லட்டும். சில பேருக்குப் பின் யாரும் கை நீட்டமாட்டார்கள். கடலைப் பொட்டலமும் தப்பிவிடும். மறுநாள் எட்டில் கடலையும் இரண்டில் வெந்தயமும் வைத்துப் பாருங்கள். தாளின் நிறத்துக்கு ஒருவரும் அஞ்சமாட்டார்கள். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.