முதல் ஐந்து நிமிஷம் நம் கையில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. கொல்கத்தாவில், வேலை முடிந்து வீடு திரும்பிய நம்மவர் ஒருவர், ஆலைத் தொழிலாளி, ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் சாய்ந்துவிட்டார். கூட்டம் கூடிற்று. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். நானோ, செய்தி எழுதுகிற பழக்கத்தில், அவர் பெயரையும் ஊரையும் விசாரித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உடனே யாராவது மார்பை அழுத்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்" என்றார் அவர்.

அடுத்த மாதமே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன். 1877-ல் இங்கிலாந்தில் தோன்றிய சங்கம் அது. எட்டு முனை வெள்ளைச் சிலுவை அதன் சின்னம். மெட்ரிக் படித்தவனுக்குப் புரியுமா என்ற தயக்கம் முதல் நாளே போயிற்று. அங்கே புத்தகத்தைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம்.

நினைவும் மூச்சும் இல்லாதவரைக் கட்டாந்தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். 30 முறை அழுத்தியதும் 2 முறை மூச்சு ஊத வேண்டும். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் கூடாது. சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்குச் சாவி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பொறுப்பாகச் சான்றிதழ் பெற்ற ஒருவர் என்ற விதி 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. உங்கள் ஆலையில் பெட்டி இருக்கலாம். அதைத் திறந்து பயன்படுத்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

வெளி மாநிலத்தில் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற பயம் நம்மவர்க்கு உண்டு. சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் வழிகாட்டு முறைகளை உறுதி செய்தது; 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது.

முதலுதவிச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். கை மறந்துவிடும் என்பதே காரணம். நான் ஒருமுறை புதுப்பித்துவிட்டேன். அதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் இதுவரை வரவில்லை, வராமலே போகட்டும். வந்தால், இனிப் பெயர் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன்.