எட்டயபுரத்துக்கு வந்த அந்நியர்

தூத்துக்குடிக்குப் போகிறோம் என்றால் வீட்டில் என்ன சொல்லி அனுப்புவார்கள்? "மக்ரூன் வாங்கி வர மறந்துவிடாதே!" என்பார்கள். வயதான பாட்டியாக இருந்தால் முத்தைப் பற்றிப் பேச்சு எடுப்பாள். பாவம், அங்கே கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல் என்று யார் அவளிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம், கரிசல் காட்டு வழியாக ஒரு மணி நேரம் போனால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். ஆனால் நவராத்திரிக் கொலுவில் உட்கார்ந்து 'கமலாம்பா நவாவரணம்' பாடுகிறீர்களே, உங்களுக்கு அந்த ஊரோடு இன்னொரு சம்பந்தமும் உண்டு.

ஒரு பாட்டின் பாதி அடி மட்டும் நினைவில் நின்று, ராகம் என்ன, மீதி என்ன என்று தெரியாமல் தவித்திருக்கிறீர்களா? இந்தக் காலத்துப் பெண்கள் சட்டென்று கைபேசியை எடுத்து, முகம் தெரியாத யாரையோ கேட்டுவிடுகிறார்கள். நூற்று இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பும் ஒருவர் இப்படித்தான் கேட்டார். ஆனால் அவர் கேட்டது பாதி அடியை அல்ல. ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தையும்!

அவர் பெயர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னையில் சர்க்கார் செக்ரடேரியட்டில் சூபரின்டெண்டெண்ட் உத்தியோகம். மதத்தால் கிறிஸ்தவர். நம் கீர்த்தனங்களை எல்லாம் மேல்நாட்டு முறைப்படி, ஐந்து கோடுகளின் மேல் கறுப்புப் புள்ளிகளாக எழுதி அச்சிட்டுவிட்டால் உலகத்தில் எவரும் வாசிக்கலாமே என்று அவருக்கு ஓர் ஆசை. ஆசை பைத்தியமாக முற்றியது என்றே சொல்லலாம். தியாகராஜருடைய கிருதிகளை வாலாஜாப்பேட்டை சிஷ்ய பரம்பரையிடமிருந்து கேட்டு எழுதி, 1890-களில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கைப்பணம் கரைந்தது. கண் பார்வையும் மங்கியது. வீட்டுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகியரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகளுக்கு எங்கே போவது? தீக்ஷிதர் 1835-ல் தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானவர். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்த புண்ணியவான், அங்கே ஆஸ்தான வித்வானாக இருந்தார். பாலுஸ்வாமியின் பெண் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீக்ஷிதரிடம் அந்தக் குடும்பத்துப் பாடாந்தரம் முழுவதும் இருந்தது. பாடாந்தரம் என்பது அந்நாளில் பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. சொந்தப் பிள்ளைக்கும் நெருங்கிய சிஷ்யனுக்கும்தான் சாவி. உறவும் இல்லாமல் சிஷ்யனாகவும் இல்லாமல் ஒருவர் வந்து, "எல்லாவற்றையும் கொடுங்கள், ஊரறிய அச்சுப் போட வேண்டும்" என்றால் எப்படி இருக்கும்?

1899-ல் எட்டயபுரம் ராஜாவுக்குப் பட்டாபிஷேகம். கண் சரியாகத் தெரியாத நிலையிலும் முதலியார் அதற்குப் புறப்பட்டு வந்துவிட்டார். கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கினால் அப்புறம் கரிசல் மண் ரஸ்தாதான். அந்தக் காலத்தில் அது சுகமான பிரயாணம் அல்ல. ராஜாவிடமே விண்ணப்பித்துக்கொண்டார். ராஜாவும் இசைந்து, சமஸ்தானத்துச் செலவிலேயே புஸ்தகம் போடலாம் என்றார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த சுப்பராம தீக்ஷிதர் எழுத உட்கார்ந்தார்.

அவர் செய்த வேலையின் அருமை சமையல் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். "ரி, க, ம" என்று ஸ்வரத்தை மட்டும் எழுதி வைப்பது, "புளி, உப்பு, மிளகாய்" என்று மட்டும் எழுதிய சமையல் குறிப்புப் போல. எவ்வளவு, எப்போது, எந்தப் பதத்தில் இறக்குவது? ஸ்வரத்தை எங்கே அசைக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எங்கே வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. இந்தக் கமகங்களில் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் அடையாளம் கொடுத்து, ஸ்வரங்களின் தலைமேல் அச்சிட வைத்தார். முதலியாரின் ஐந்து கோடுகளில் இவ்வளவும் அகப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கேட்டவர் ஒரு மாதிரி கேட்டார்; கிடைத்தது அதைவிட உயர்ந்ததாக இருந்தது.

1904-ல் எட்டயபுரத்திலேயே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் இரண்டு பெரிய பாகங்கள். எழுபத்திரண்டு மேளங்களின் வரிசையில் ராக லக்ஷணம், கீதம், தானம், க்ஷேத்ரக்ஞர் பதங்கள், சுப்பராம தீக்ஷிதரே இயற்றிய சஞ்சாரிகள், சங்கீத வித்வான்களின் சரித்திரம் எல்லாம் அதில் உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் மட்டும் 200-க்கு மேல். நீங்கள் கொலுவில் பாடும் நவாவரணமும் அதில் இருக்கிறது. இன்று மேடையில் ஒரு தீக்ஷிதர் கிருதியைப் பற்றி இரண்டு வித்வான்களுக்குள் தகராறு வந்தால் இந்தப் புஸ்தகத்தைத்தான் பிரிக்கிறார்கள். தகராறு அதற்கப்புறமும் தீர்வதில்லை; அது வேறு விஷயம்!

தெலுங்கு தெரியாத நம்மவர்களுக்காகச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் இதைத் தமிழில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பழைய புஸ்தகக் கடையில் ஒரு பாகம் கண்ணில் பட்டால் விலை பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

சுப்பராம தீக்ஷிதர் புஸ்தகம் முடிந்து இரண்டே வருஷம்தான் இருந்தார். 1906-ல் அவர் மறைந்தபோது, அதே எட்டயபுரத்துப் பிள்ளையான பாரதியார் அவருக்காக ஓர் இரங்கற்பா பாடினார். பாரதி பாடல்கள் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; சான்றோரைப் பற்றிய பாடல்களோடு அதுவும் இருக்கும்.