மருந்தில்லாத கருங்கால் நோய்

பேரங்காடியில் வாங்கிய உருளைக்கிழங்குப் பையில் ஒன்று மட்டும் கொழகொழத்து, அழுகிய மீன்போல் நாறி, பக்கத்தில் கிடந்ததையும் கெடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு நட்டம் சில வெள்ளிதான். அதே வகைப் பாக்டீரியா ஸ்காட்லாந்து போன்ற குளிர்நாட்டு வயலில் புகுந்தால், விவசாயிக்கு ஒரு பருவத்து உழைப்பே போய்விடும்.

வானொலியில் உருளைக்கிழங்கு நோய் என்று நான் பேச்செடுத்தாலே, 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தைத்தான் பலரும் சொல்வார்கள். அதற்குக் காரணம் பாக்டீரியா அல்ல, பூஞ்சை போன்ற வேறோர் உயிரி. அதைத் தடுக்க இன்று தெளிமருந்தாவது உண்டு. கருங்கால் நோயைக் குணப்படுத்த எந்த மருந்தும் இல்லை.

இந்நோய் தாக்கிய செடியின் தண்டு, மண்ணையொட்டிய இடத்தில் மை தடவியதுபோல் கறுத்துப்போகும். பெக்டோபாக்டீரியம், டிக்கேயா என்ற பாக்டீரியாக்களின் வேலை இது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இவை கரைத்துவிடும். (ஜாம் கெட்டியாவதும் இதே பெக்டினால்தான்.) பசை போனபின் கிழங்கு வெறும் கூழ்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, இது பரவும் விதம். உருளைக்கிழங்குப் பயிருக்குக் கிழங்கேதான் விதை. விதைக்கிழங்கு பார்க்க நன்றாகவே இருக்கும். கிருமி உள்ளே சத்தமில்லாமல் படுத்திருக்கும். குளிர்ந்த மண்ணில் நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்தால், தாய்க்கிழங்கு அழுகி, மண்ணின் ஈரத்தோடு கிருமி பிள்ளைக்கிழங்குகளுக்குப் போய்ச்சேரும். அவற்றையே அடுத்த ஆண்டு நட்டால்?

ஸ்காட்லாந்து விதைக்கிழங்குக்குப் பேர்போன நாடு. எகிப்துவரை ஏற்றுமதி செய்கிறது. அங்கே ஆய்வாளர்கள் விதைப்பயிர் வயல்களில் இறங்கி நடந்து பார்க்கிறார்கள். கருங்கால் செடிகள் வரம்பைத் தாண்டினால் விதையின் தரம் இறக்கப்படும். டிக்கேயாவுக்கோ 2010 முதல் துளியும் அனுமதியில்லை.

ஆகவே எல்லாமே சுத்தத்தில்தான் இருக்கிறது. திசு வளர்ப்புச் செடிகளிலிருந்து, வயல்மண் படாமல், கண்ணாடிக்கூடத்தில் சிறுகிழங்குகளை எடுக்கிறார்கள். அவற்றைச் சில தலைமுறைகள் மட்டும் வயலில் பெருக்கிவிட்டு, மறுபடி புதிதாகத் தொடங்குகிறார்கள். அறுவடையின்போது கிழங்கு அடிபடக் கூடாது. கிடங்கில் காற்றோட்டம் வேண்டும்.

இன்னொன்று: விதைக்கிழங்கைக் கழுவுவது ஆபத்து. அழுகிய கிழங்கு ஒன்று விழுந்த தண்ணீர் போதும், மற்றக் கிழங்குகளின் தோலிலுள்ள நுண்துளைகளுக்குள்ளும் கிருமி புகுந்துவிடும்.