ஜிம்மி கார்ட்டர்: எண்ணிய நாள்களும் எண்ணாத பலன்களும்

1979 ஆகஸ்ட் 30 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு முயல் இடம்பிடித்தது. ஏப்ரல் மாதம் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் சொந்த ஊரான பிளெய்ன்ஸில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது சதுப்பு முயல் ஒன்று அவருடைய படகை நோக்கி நீந்தி வந்தது. துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் செய்திகளும் கேலிச்சித்திரங்களும் அதை ஊதிப் பெரிதாக்கின. முயலுக்கே பயந்த மனிதர் என்ற பெயர் கார்ட்டரோடு ஒட்டிக்கொண்டது.

அதே ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடந்த ஒன்று அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கார்ட்டர் தேர்ந்தெடுத்த பால் வோல்க்கர் அன்றுதான் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார். பணப்புழக்கத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று நியமனத்துக்கு முன்பே கார்ட்டரிடம் அவர் நேரில் சொல்லியிருந்தார். தேர்தல் நெருங்கும் நேரத்தில் வட்டி ஏறினால் ஆள்பவர் மீதுதான் கோபம் திரும்பும். தெரிந்தேதான் கார்ட்டர் அவரை அமர்த்தினார். 1980-ல் பணவீக்கம் 13.5 சதவீதம். அந்த ஆண்டின் இறுதியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களிடமே 21.5 சதவீதம் வட்டி கேட்டன. வீட்டுக் கடனுக்காக அலைந்த குடும்பங்கள் அதிபரை மன்னிக்கும் மனநிலையில் இல்லை. அதில் தவறும் இல்லை.

1979 நவம்பர் 4 அன்று ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, அங்கிருந்தவர்கள் பிணைக்கைதிகளாயினர். சில நாள்களிலேயே ஏபிசி தொலைக்காட்சி, அமெரிக்காவே பிணையாகிவிட்டது என்ற தலைப்போடு இரவுதோறும் சிறப்பு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது. சிபிஎஸ் செய்தியின் வால்டர் கிராங்கைட், பிணைக்கைதிகள் சிறைப்பட்டு எத்தனையாவது நாள் என்று சொல்லியே செய்தியை முடிக்கலானார். ஒவ்வோர் இரவும் எண்ணிக்கை ஒன்று கூடும். அதிபரின் கையாலாகாத்தனமும் கூடியதாக மக்களுக்குத் தோன்றும். 1980 ஏப்ரலில் மீட்பு முயற்சி தோற்று, எட்டு வீரர்கள் பாலைவனத்தில் இறந்தனர். போதாக்குறைக்கு, அந்த ஆண்டு அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவு நாளும் நவம்பர் 4-ஆகவே அமைந்தது. ஓராண்டு நிறைவு நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு மக்கள் வாக்களிக்கச் சென்றனர்.

ஈரான் விஷயத்தில் கார்ட்டரின் சொந்தப் பிழையையும் மறைக்கக் கூடாது. 1977 கடைசி இரவில் டெஹ்ரான் விருந்தில் மன்னர் ஷாவின் ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று அவர் புகழ்ந்தார். சுமார் ஓராண்டில் ஷா நாட்டைவிட்டே வெளியேறினார். அலங்காரப் பேச்சுக்கும் நிலவரத்துக்கும் உள்ள தூரம் கார்ட்டரிடமும் இருந்தது.

ஆனால் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பலனைப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் 13 நாள்கள், எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்தார் கார்ட்டர். மறு ஆண்டு கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு எகிப்தும் இஸ்ரேலும் போரிடவே இல்லை. அவர் தொடங்கிவைத்த எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டு நீக்கமும் விலை உயர்வும் பொருளாதார மந்தமும் சேர்ந்து, 1977-ல் நாளொன்றுக்கு 85 லட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்காவின் நிகர எண்ணெய் இறக்குமதி 1982-ல் பாதியானது. முழுப் பெருமையும் அவருக்கே என்று சொல்ல முடியாது. பங்கே இல்லை என்பது பெரிய அநீதி. தூதரகக் கைதிகள் 52 பேரும் 444 நாள்களுக்குப் பிறகு உயிரோடு திரும்பினர். தேர்தலில் கார்ட்டரை வென்ற ரொனால்டு ரேகன் பதவியேற்ற சில நிமிடங்களில்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்பதால், அந்த மகிழ்ச்சியின் படங்களில் ரேகன் காலமே பதிந்தது.

1980 விவாத மேடையில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரேகன் கேட்ட கேள்வி இன்றும் பத்திரிகைகளில் வலம் வருகிறது. 538 தேர்வாளர் வாக்குகளில் கார்ட்டருக்குக் கிடைத்தவை 49. வோல்க்கரின் கடும் மருந்து 1982 வரை வேலைவாய்ப்பைச் சுட்டெரித்து, பிறகு பலன் தந்தது: 1983-ல் பணவீக்கம் 3.2 சதவீதம். அந்த ஆண்டு வோல்க்கரை அதே பதவியில் மீண்டும் அமர்த்தினார் ரேகன். அடுத்த ஆண்டு தேர்தலில் 49 மாநிலங்களை வென்றார்.